பழைய காரில் கூலன்ட் மாற்றுவது: இறங்குவதைப் பார்த்த பிறகுதான் ஊற்றுவது

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய கையோடு இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள். இன்ஜின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலன்ட் மட்டும் தப்பித்துக்கொள்ளும். ரிசர்வ் பாட்டிலில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் பச்சையாக நிற்கிறதே, அது போதும் என்று தோன்றிவிடும். அந்த அளவும் நிறமும் எதற்கும் சாட்சி இல்லை. முந்தைய ஓனர் வருஷக்கணக்காக போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கலாம். விற்பதற்கு முந்தின நாள் கார் கன்சல்டிங்கில் அரை பாட்டில் கூலன்டை மேலாக ஊற்றி நிறம் வரவைத்திருக்கலாம். பாட்டில் பளிச்சென்று இருக்க, ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் துருத்தண்ணீர் நிற்கும் கார்கள் நம் ஊரில் ஏராளம்.

அதனால் பழைய காரில் இந்த வேலையை "இறக்கு, ஊற்று" என்று ஒரு மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கக் கூடாது. என்ன இறங்குகிறது, எத்தனை லிட்டர் இறங்குகிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் அடுத்து என்ன செய்வது என்பதே முடிவாகும்.

"சென்னையில் பனியா கொட்டுகிறது, கூலன்ட் எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாதிக் கேள்வி நியாயம்தான். கூலன்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அது நமக்குத் தேவையில்லை. கொதிநிலையும் பெரிதாக ஏறுவதில்லை. 1.1 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்ட ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஏறக்குறைய 121 டிகிரியில் கொதிக்கும், பாதிக்குப் பாதி கலவை அதைவிட எட்டுப் பத்து டிகிரி மேலே போகும், அவ்வளவுதான். இன்னும் சொன்னால், சூட்டை வாங்கிக் கடத்துவதில் கிளைக்கால் கலவையைவிட வெறும் தண்ணீரே மேல். "கூலன்ட் ஊற்றினால் இன்ஜின் ஜில்லென்று ஓடும்" என்பது கடைக்காரர் பேச்சு.

உண்மையான லாபம் துருத்தடுப்பில் இருக்கிறது. சிலிண்டர் ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம், பல இன்ஜின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, வாட்டர் பம்ப்பின் விசிறி எஃகுத் தகடு. இவை எல்லாம் ஒரே தண்ணீரில் ஊறினால் ஒன்றை ஒன்று அரிக்கத் தொடங்கும். கூலன்டில் இருக்கும் ரசாயனங்கள்தான் அதைத் தடுக்கின்றன. போர் தண்ணீர் ஊற்றினால் கூடுதலாக இரண்டு தொல்லை: அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசித் துளை போடும், கால்சியம், ஹெட்டுக்குள் மிகச் சூடான இடமான எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றிப் போய் உப்பாகப் படியும். உப்புப் படிந்த இடத்தில் சூடு இறங்காது. கேஜ் நார்மலைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருந்து ஒழுகாமல் காக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கு வேலை வைப்பது அதுதான்.

திறப்பதற்கு முன்னால்

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய காரைக் காலையில் தொடுவதே நல்லது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், அழுத்தம் சட்டென விழுந்து உள்ளே 105, 110 டிகிரியில் நிற்கும் தண்ணீர் அந்த நொடியே நீராவியாகப் பொங்கும். முகத்துக்கு நேராகத்தான் பொங்கும்.

முதலில் மூடியையே பாருங்கள். ஸ்விஃப்ட், ஐ10 போன்ற கார்களில் மூடி ரேடியேட்டர் மேலேயே இருக்கும். பக்கத்தில் இருக்கும் பாட்டில் அழுத்தமில்லாத வெறும் ரிசர்வ். போலோ போன்ற ஐரோப்பிய வகைகளில் பாட்டிலே அழுத்தம் தாங்கும் தொட்டி, மூடி அதன்மேல் இருக்கும். எந்த வகையானாலும் மூடியில் 0.9, 1.1 என்பதுபோலப் பார் கணக்கு அச்சிட்டிருக்கும். எந்த எண்ணோ அதே எண்ணில்தான் புது மூடி வாங்க வேண்டும். மூடிக்குள் இரண்டு வால்வு உண்டு. ஒன்று அழுத்தம் கூடினால் வெளியே விடும்; நடுவில் இருக்கும் சின்னது, இன்ஜின் ஆறும்போது ரிசர்விலிருந்து திரும்ப உறிஞ்சும். சின்ன வால்வு ஒட்டிக்கொண்டால் இன்ஜின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். மூடி ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, ரிசர்வ் நிரம்பி வழியும். சில நூறு ரூபாய்ச் சாமான். பழைய காரில் சோதித்துக்கொண்டிருப்பதைவிட மாற்றிவிடுவதே லாபம்.

அடுத்து, இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். "ஹீட் ஆகுது" என்று போன காரில் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் நம் ஒர்க்‌ஷாப்புகளில் இன்னும் போகவில்லை. கண்டுபிடிக்க எதையும் கழற்ற வேண்டாம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜினிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் தெர்மோஸ்டாட் உள்ள இன்ஜின்களில், பல நிமிஷம் ஹோஸ் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு கை வைக்க முடியாதபடி சட்டெனச் சுட்டால் தெர்மோஸ்டாட் இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஸ்டார்ட் செய்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் அது இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது.

இல்லாவிட்டால் என்ன நஷ்டம்? இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வரவே நேரமாகும். காரின் கம்ப்யூட்டரான ஈசியு, இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டி விடும். மைலேஜ் விழும், ஆயில் கெடும், சில கார்களில் பி0128 என்ற பிழை எண்ணுடன் செக் லைட் எரியும். பைபாஸ் வழியைத் தானே மூடும் வகைத் தெர்மோஸ்டாட் என்றால் இன்னொரு வினோதம்: அதைக் கழற்றியதும் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். ஹீட் ஆகாமல் இருக்கக் கழற்றியது, ஏற்றத்தில் ஹீட் ஆக வைக்கும்.

ஃபேன் நேரடிக் கனெக்‌ஷனில் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதுமே, ஏசி போடாமலே, குளிர்ந்த இன்ஜினில் ஃபேன் சுற்றினால் ஒன்று யாரோ சுவிட்சைத் தாண்டி ஒயர் போட்டிருக்கிறார்கள். அல்லது டெம்பரேச்சர் சென்சார் பழுதாகி, ஈசியு பாதுகாப்புக்காக ஃபேனை ஓட்டுகிறது. எதுவென்று கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் புதுக் கூலன்ட் ஊற்றிப் பிரயோஜனமில்லை.

ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கத்தையும் ஒரு பார்வை. பால் ஊற்றிய டீ நிறத்தில் கெட்டியாக அப்பியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் ஈரக்கசிவால் லேசாக வெண்மை படிவதுண்டு, அது வேறு. டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் கூலன்டை விட்டுவிட்டு ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

எந்தக் கூலன்ட், எந்தத் தண்ணீர்

நிறத்தை வைத்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி கலக்கும் சாயம். நிறத்துக்கென்று பொதுத் தரம் எதுவும் கிடையாது. பழைய வகைப் பச்சை பெரும்பாலும் இரண்டு வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர் தாங்கும். ஆர்கானிக் ஆசிட் வகை ஐந்து வருஷம் வரை போகும். டொயோட்டாவின் இளஞ்சிவப்பு முதல் முறை 1,60,000 கிலோமீட்டருக்கும், அதன் பிறகு ஒவ்வொரு 80,000 கிலோமீட்டருக்கும் மாற்றச் சொல்லப்பட்டது. ஜப்பானியக் கார்கள் பாஸ்பேட் சேர்த்து சிலிக்கேட்டைத் தவிர்க்கும். ஐரோப்பியர்கள் தங்கள் ஊர்க் கடினத் தண்ணீரில் பாஸ்பேட் படிந்துவிடும் என்று அதைத் தவிர்த்து சிலிக்கேட் சேர்ப்பார்கள். ஓனர் மேனுவலில் உள்ள வகைக்கு லேபிளில் பொருத்தம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். இந்தியத் தர எண் ஐஎஸ் 5759, ஜப்பானிய எண் ஜேஐஎஸ் கே 2234. இவற்றில் ஒன்றுகூட இல்லாத டப்பாவை எடுக்க வேண்டாம்.

வகை மாறிக் கலந்தால் உடனே எதுவும் வெடித்துவிடாது. நீண்டகாலக் கூலன்டின் ஆயுள் பழைய வகையின் ஆயுளுக்கு இறங்கிவிடும். சில சேர்க்கைகள் கூழாகி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். உள்ளே இருப்பது என்ன வகையென்று தெரியாத பழைய காரில், முழுக்க அலசிவிட்டு ஒரே வகையை ஊற்றுவதற்குக் காரணம் இதுதான்.

தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்குவதா, ஏற்கெனவே தண்ணீர் கலந்த ரெடி மிக்ஸ் வாங்குவதா? அலசப் போகிற காருக்குக் கான்சன்ட்ரேட்தான். ஏன் என்பது கொஞ்சம் கீழே கணக்கில் தெரியும்.

கலக்கும் தண்ணீர், பேட்டரிக் கடையில் 5 லிட்டர் கேனில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் பத்துக்குள் நிற்க வேண்டும். ஆர்ஓ கேன் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் ஐம்பது, நூறு காட்டும். அலசுவதற்கு ஆகும், கடைசியாக நிரப்புவதற்கு ஆகாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதுபோல ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்கும் அதே பதில்: அதில் காயில் தூசியும் உலோகத் துகளும் வரும், முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்குவது

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென ஓடும். அடியில் நுழைய வேண்டுமானால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். ஹீட்டர் திருகை முழுச் சூட்டுக்குத் திருப்பிவிடுங்கள். பழைய மாருதி 800, ஆம்னி போன்றவற்றில் அந்தத் திருகுதான் ஹீட்டருக்குப் போகும் தண்ணீர் வால்வைத் திறக்கும். இப்போதைய கார்கள் பலவற்றில் தண்ணீர் எப்போதும் ஹீட்டர் வழியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும், திருப்புவதால் நஷ்டமில்லை.

அடித்தட்டைக் கழற்றினால் ரேடியேட்டரின் கீழ் மூலையில் வடித்திருகு தெரியும். பிளாஸ்டிக். பத்து வருஷ வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் என்பதை மனதில் வைத்துக் கையாலேயே திருகுங்கள். பிளையரால் நெருக்கினால் தலை மட்டும் கையோடு வரும், கழுத்து உள்ளே நிற்கும். பிடிவாதம் பிடித்தால் அதை விட்டுவிட்டுக் கீழ் ஹோஸைக் கழற்றுவதே புத்திசாலித்தனம். வடித்திருகே இல்லாத ரேடியேட்டர்களுக்கும் அதுதான் வழி. ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கக் கூடாது, நெம்பவும் கூடாது. ரேடியேட்டரின் பக்கத் தொட்டி பிளாஸ்டிக், அதன் கழுத்து முறிந்தால் ரேடியேட்டரே மாற்ற வேண்டும். கையால் இடமும் வலமுமாகத் திருகி ஒட்டை விடுவித்த பிறகு இழுங்கள். எப்படியும் மாற்றப் போகிற ஹோஸ் என்றால் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்துவிடலாம். ஸ்பிரிங் கிளாம்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திருகு கிளாம்ப் போடும் வழக்கம் வேண்டாம். ரப்பர் சுருங்கச் சுருங்க ஸ்பிரிங் தானே இறுக்கிக்கொள்ளும். திருகு கிளாம்ப் இறுகினால் ரப்பரை வெட்டும்.

இறங்குவதை லிட்டர் குறித்த வாளியில் பிடியுங்கள். இந்த அளவு இல்லாமல் பின்னால் கணக்குப் போட முடியாது. சிறிய பெட்ரோல் கார்களின் மொத்தக் கொள்ளளவு பொதுவாக 4 முதல் 5 லிட்டருக்குள் இருக்கும், துல்லியமான எண் மேனுவலில் உண்டு. ரேடியேட்டர் வழியாக இறங்குவது அதில் பாதியோ கொஞ்சம் கூடவோதான். மீதி பிளாக்கிலும் ஹீட்டரிலும் நிற்கும். பிளாக்கில் தனியாக ஒரு போல்ட் இருக்கும். கை எட்டினால் அதையும் திறந்து, மூடும்போது புது வாஷர் போடுங்கள். பெரும்பாலும் எக்ஸாஸ்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், கட்டாயம் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இப்போது வாளியைப் பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிவாக, அடி தெரிகிற மாதிரி இறங்கினால் அதிர்ஷ்டம். ஒரு முறை அலசினால் போதும். செங்காவி நிறத்தில் வந்தால் பல காலம் வெறும் தண்ணீரில் ஓடிய இரும்பு பிளாக். மேலே ஆயில் படலம் மிதந்தால் ஆயில் கூலர் அல்லது ஹெட் கேஸ்கெட். ஆட்டோமேட்டிக் கியர் காரில் இளஞ்சிவப்பாக நுரைத்த கூழ் வந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் உடைந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள்ளும் போயிருக்கும், வண்டியை ஓட்டவே கூடாது.

அடியில் மஞ்சளாகச் சேறு தங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டி ஊர் போய்ச் சேர்வது லாரிக்காரர்கள் காலத்து வைத்தியம், கார்களிலும் செய்கிறார்கள். பளபளக்கும் துகளோ, பழுப்பு நாரோ வந்தால் கடையில் விற்கும் லீக் அடைப்பான். இரண்டில் எது வந்தாலும் இந்தக் காரில் எங்கோ ஒழுகல் இருந்தது, அது சரிசெய்யப்படவில்லை என்று அர்த்தம். அலசி எடுத்ததும் அந்த ஒழுகல் திரும்ப வரும். துருவே சில சமயம் ஊசித் துளைகளை அடைத்துக்கொண்டு நிற்கும். "ஃப்ளஷ் பண்ணின பிறகுதான் லீக் ஆரம்பிச்சது" என்ற புகாரின் பின்னணி இதுதான். துளை ஏற்கெனவே அங்கே இருந்தது.

இறக்கியதைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், கொஞ்சமே போதும் சிறுநீரகத்தை முடிக்க. குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஒருபோதும் பிடித்து வைக்க வேண்டாம். மூடியுள்ள கேனில் பெயர் எழுதி, கழிவை எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். சிந்திய இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அலசலும் கணக்கும்

வடித்திருகை மூடி, தண்ணீர் நிரப்பி, பேட்டரியை மாட்டி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை இன்ஜினை ஓட்டி, ஆறவைத்து, இறக்கவும். தெர்மோஸ்டாட் திறக்காமல் அலசினால் பிளாக்கில் இருப்பது ரேடியேட்டருக்கு வராது, ரேடியேட்டரை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பீர்கள். சூடான பிளாக்கில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது, ஹெட் விரிசல் விடலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறும் நேரம் வேண்டும் என்பதால் இது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்கிற வேலை. சுமாரான காருக்கு இரண்டு சுற்று, துருப்பிடித்ததற்கு நாலைந்து. கடைசிச் சுற்று கட்டாயம் டிஸ்டில்டு வாட்டரில்.

வினிகர், எலுமிச்சை உப்பு, பாத்ரூம் ஆசிட் என்று யோசனைகள் வரும். பாத்ரூம் ஆசிட் அலுமினியத்தைக் கரைத்துவிடும், பேச்சுக்கே இடமில்லை. மற்றவையும் அமிலம்தான், பிளாக்கில் தங்கிய மிச்சம் புதுக் கூலன்டின் துருத்தடுப்பைத் தின்றுவிடும். துரு அதிகம் என்றால் கூலிங் சிஸ்டத்துக்கென்றே விற்கும் ஃப்ளஷை, டப்பாவில் போட்ட நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷமும் விடாமல் ஓட்டி, பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். செம்பு-பித்தளை ரேடியேட்டர்களைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்வதுபோல இன்றைய அலுமினிய, பிளாஸ்டிக் ரேடியேட்டரைச் செய்ய முடியாது. அடைத்திருந்தால் மாற்றுவதுதான்.

இனி, பலர் கோட்டைவிடும் இடம். மொத்தம் 5 லிட்டர் பிடிக்கும் கார் என்று வையுங்கள். கடைசி அலசலுக்குப் பிறகு இறங்கியது 3 லிட்டர். அப்படியானால் உள்ளே 2 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. இதன்மேல் பாதிக்குப் பாதி ரெடி மிக்ஸை 3 லிட்டர் ஊற்றினால், உள்ளே போன கிளைக்கால் ஒன்றரை லிட்டர்தான். ஐந்தில் ஒன்றரை, அதாவது 30 சதவீதம். டப்பாவில் 50 என்று எழுதியிருக்கும், காரில் 30 ஓடும். கான்சன்ட்ரேட் என்றால் இரண்டரை லிட்டரை முதலில் ஊற்றி, மிச்ச அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர். கணக்கு நேராக 50.

ஏற்கெனவே ரெடி மிக்ஸ் ஊற்றி 30-ல் நிற்கிறது என்றாலும் வழியுண்டு. 1 லிட்டரை இறக்கிவிட்டு 1 லிட்டர் கான்சன்ட்ரேட் ஊற்றினால் 44 சதவீதத்துக்கு வரும். ஊட்டியில் ஜனவரி உறைபனிக்கு 30 சதவீதமே தாராளம். பிரச்சினை துருத்தடுப்பு நீர்த்துப்போவதில். சமவெளியில் 40 முதல் 50-க்குள் வைப்பது சரியான இடம். சில இந்திய டப்பாக்களில் 1:3 என்று இருக்கும், அந்த விகிதத்துக்கென்றே துருத்தடுப்பைக் கூட்டிச் செய்தவை. அவற்றில் லேபிள் சொல்வதையே கேளுங்கள். "கூட ஊற்றினால் கூட நல்லது" என்று 70-ஐத் தாண்டினால் சூடு கடத்துவது குறைந்து எதிர்விளைவாகும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு, கிளைக்கால் எத்தனை சதவீதம் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஏர் லாக் இல்லாமல் நிரப்புவது

உள்ளே காற்று மாட்டிக்கொண்டு தண்ணீர் ஓட்டத்தைத் தடுப்பதுதான் ஏர் லாக். அதைத் தவிர்க்க மெதுவாக ஊற்றுவதுதான் பாதி வேலை. ஒரு லிட்டருக்கு இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் பிசைந்து விட்டால் குமிழ்கள் ஏறி வரும். காற்று வெளியேற்றும் திருகு உள்ள கார்களில் அதைத் திறந்து வைத்து, குமிழ் நின்று தண்ணீர் மட்டும் வந்ததும் மூடுங்கள். முன்பக்கத்தைச் சரிவில் ஏற்றி, மூடி இருக்கும் இடம் உயரமாக நிற்கும்படி வைப்பது பெரிய உதவி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மாட்டியிருந்தால், அதில் ஆடும் சின்ன ஊசி மேல் பக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். காற்று தப்பிக்கும் ஓட்டை அதுதான், கீழ்ப்பக்கமாக மாட்டினால் காற்று அங்கேயே நிற்கும்.

மூடி ரேடியேட்டரில் இருக்கும் வகையில், மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஐடிலில் விடுங்கள். ஏசி வேண்டாம். தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும்போது அளவு சட்டென இறங்கும், ஊற்றுங்கள். குமிழ் நின்று அளவு நிலைத்ததும் மூடியைப் போட்டு, ரிசர்வை மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிரப்பி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். அழுத்தத் தொட்டி வகையில் மேனுவல் சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள். பொதுவாக மூடியை மூடித்தான் சூடேற்ற வேண்டும்.

பத்து நிமிஷமாகியும் குமிழ் நிற்காமல், ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் அது ஏர் லாக் இல்லை. சிலிண்டர் அழுத்தம் கூலன்டுக்குள் வருகிறது. நீலத் திரவம் உள்ள கேஸ் டெஸ்டரை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் காரில் நீலம் மஞ்சளானால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

காற்று எல்லாம் போய்விட்டதா என்பதற்கு எளிய சோதனை ஹீட்டர். இன்ஜின் சூடான பிறகு ஹீட்டரில் நல்ல சூடு வர வேண்டும். டெம்பரேச்சர் நார்மல், ஹீட்டர் மட்டும் குளிர்ந்த காற்று, டேஷ்போர்டுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் என்றால் உள்ளே காற்று இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பழைய கார்களில் இதற்கும் ஒரு சிக்கல். ஹீட்டர் ஒழுகியதும், "யார் சார் ஹீட்டர் போடப் போறா" என்று இரண்டு ஹோஸையும் ஒரு குழாயால் இணைத்து பைபாஸ் செய்திருப்பார்கள். பானட்டைத் திறந்து, தடுப்புத் தகட்டுக்குள் போகும் இரண்டு மெல்லிய ஹோஸ்கள் முழுசாக உள்ளே போகின்றனவா என்று பார்த்தால் தெரியும். வளைத்து இணைத்திருந்தால் மழைக்காலத்தில் கண்ணாடி மூடுபனியைக் கலைக்க மட்டுமே சிரமம். இரண்டையும் தனித்தனியாக அடைத்திருந்தால், சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டைத் தொட்டு ஓட வேண்டிய தண்ணீர் நின்று, அது தாமதமாகத் திறக்கும்.

இதையெல்லாம் டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பிச் செய்யாதீர்கள். பல கார்களில் முள் 80 டிகிரியிலிருந்து 105 வரை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். புதியவற்றில் முள்ளே இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி பிளக்கில் செருகும் சின்ன புளூடூத் கருவி இருந்தால் போனிலேயே டிகிரி தெரியும். வெயில் நேரத்தில் ஏசி போட்டு டிராஃபிக்கில் ஊர்ந்தபோதும், வால்பாறையோ கொல்லிமலையோ ஏறியபோதும் 100-ஐ ஒட்டி ஏறி, ஃபேன் ஓடியதும் இறங்கினால் ஆரோக்கியம். நின்றால் ஏறி ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேனைப் பாருங்கள். வேகமாக ஓடும்போது ஏறி நின்றால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது விசிறி அரித்துப்போன வாட்டர் பம்ப். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைந்த பூச்சியும் தூசியும்கூடக் காரணமாகலாம். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் வைத்தால் தகடு எல்லாம் மடங்கிவிடும்.

முதல் வாரம் தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவைப் பார்த்துக் குறித்து வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் இறங்குவது சகஜம், மிச்சக் காற்று வெளியேறுகிறது. அதற்கு மேலும் வண்டி தண்ணீர் குடித்தால், வெளியே ஒழுகல் முதல் சந்தேகம்: ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி தகட்டோடு மடிந்து சேரும் இடம், வாட்டர் பம்ப்பின் கீழுள்ள சின்னத் துளை, கிளாம்ப் விளிம்புகள். காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொறுக்குத் தட்டி நிற்கும். முன் சீட்டு மிதியடி ஈரமாக இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள்; பிசுபிசுத்து இனிப்பாக மணந்தால் ஹீட்டர், வெறும் தண்ணீரானால் ஏசி வடிகுழாய் அடைப்பு. டீசலில் வெளியே எங்கும் சொட்டில்லாமல் அளவு மட்டும் குறைந்தால், எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை ஆறவைத்துத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் கூலரை மறக்க வேண்டாம். எதுவும் பிடிபடவில்லை என்றால் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம்வரை ஏற்றி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முள் பத்து நிமிஷத்தில் இறங்கினால் ஒழுகல் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை டிக்கியில் வெறும் தண்ணீர் பாட்டிலுக்குப் பதில், அதே விகிதத்தில் கலந்த 1 லிட்டர் கூலன்ட் இருக்கட்டும். தண்ணீரையே ஊற்றி ஓட்டினால் ஒரு மாதத்தில் ரிஃப்ராக்டோமீட்டர் மறுபடியும் 30-க்குக் கீழே காட்டும்.